பலகையில் இல்லாத சொல்

உண்ணாமலைக்குப் பேச்சு வராது. பேச்சு வராதவளிடம் சொல்வதற்கு என்ன இருக்கப்போகிறது என்று செங்கம் ரோடே தீர்மானம் பண்ணி வைத்திருந்தது. அவளிடம் இருந்ததோ ஊர்ப்பட்ட சமாச்சாரம். அம்மா தங்கம்மாளின் இட்லிக் கடையை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் அவள். எந்த வாடிக்கைக்காரர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு இங்கே வந்து சாப்பிடுகிறார், எந்தச் சாமியார் காவி மடிப்பில் பீடிக்கட்டு ஒளித்து வைத்திருக்கிறார், எந்தப் பெண் தெருவில் போனால் அண்ணன் காசியின் பிரஷ் பாதி எழுத்தில் நின்றுவிடுகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளால் சொல்ல முடிந்திருந்தால் பல பேர் அந்தப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டார்கள்.

பிறந்தபோது அழாமல் கிடந்த குழந்தை. அப்போதிருந்தே கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று உடம்பு தன்னிஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். தலை ஓரிடத்தில் நிற்காது. அதனால் அவள் தலையாட்டினால் அது சரி என்பதா, மாட்டேன் என்பதா, சும்மா ஆடுகிறதா என்று ஒருவருக்கும் பிடிபடாது. வலது கை முஷ்டி மட்டும், கெஞ்சிக் கூத்தாடினால், சொன்ன இடத்துக்குப் போகும். இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா தினமும் இட்லி சாப்பிட வந்தாள். தன் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளாம். ஊருக்குக் கிளம்புகிற அன்று ஓர் அட்டையைக் கொண்டுவந்து உண்ணாமலையின் மடியில் வைத்தாள். அட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். கட்டத்துக்கு ஒரு படம். எது வேண்டுமோ அந்தப் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டியது.

முள்கரண்டி இருந்தது. பனிக்குப் போடுகிற குல்லா இருந்தது. ஓர் ஆள் தொட்டித் தண்ணீரில் மல்லாந்து கிடந்தான். அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டா காசி, இவன் இன்னாத்துக்குத் தொட்டியில வுழுந்து கெடக்கிறான்?" என்று பதறினாள். உண்ணாமலை சிரித்த சிரிப்பில் அட்டை கீழே போய்விட்டது. எடுத்து வைத்தபோது, அவள் முஷ்டி ஒரே நேரத்தில் நாலு கட்டத்தை மூடியது. வெள்ளைக்காரம்மா தனக்குத் தெரிந்த தமிழில், "இது மாதிரிக்கு மட்டும். அவளுக்கு அவளுடையது. நீங்க செய்யணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

"போர்டுதானே? நான் எழுதாத போர்டா?" என்றான் காசி.

அவன் தொழிலே அதுதான். கடைக்குப் பெயர்ப் பலகை, லாரிக்கு நம்பர், பஸ்ஸுக்கு ஊர்ப்பெயர். ஒரு பலகையில் தகரம் அடித்து, பச்சை எனாமல் பூசி, உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் போட்டான். முதல் பலகையில் முஷ்டி ஒரு கட்டத்தில் விழுந்து வழுக்கி அடுத்த கட்டத்துக்குப் போனது. தண்ணீர் கேட்டவளுக்குச் சோறு வந்தது. காசி தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்தான். பிறகு கட்டத்துக்குக் கட்டம் நடுவில் மெல்லிய மரச்சட்டம் அடித்தான். முஷ்டி இப்போது பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எந்தக் கட்டத்துக்கு அவள் கை மல்லுக்கட்டாமல் போகிறதோ, அதைச் சாக்பீஸால் குறித்து, அடிக்கடி வேண்டியதை அங்கே மாற்றினான். பலகையை நாற்காலியின் இரண்டு கைகளோடும் சேர்த்துச் சாய்வாகத் திருகினான். சைக்கிள் சக்கரம் வைத்த அந்த நாற்காலியும் அவன் சொல்லி வெல்டிங் பட்டறையில் செய்ததுதான்.

படத்தை மட்டும் அவள் தேர்ந்தெடுத்தாள். அம்மாவுக்கு அவன் புடவை கட்டிய ஒரு பெண்ணை வரைந்தான். அவள் தொடவே இல்லை. மூக்குத்தி வரைந்தான், ஓங்கி அடித்தாள். அண்ணனுக்குப் பிரஷ். அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் சின்னசாமி மாமாவுக்கு டீ கிளாஸ். வெளிக்குப் போகச் சொம்பு. வலி என்றால் தேள், ஏனென்றால் சின்ன வயசில் ஒரு தேள் அவளைக் கொட்டி, அவள் அலறியதை வீடே வழக்கமான கத்தல் என்று விட்டுவிட்டது. சந்தோஷத்துக்கு ஜட்கா வண்டி. சாமிக்கு மலையுச்சியில் சுடர். வீட்டுக்கு இதே கொட்டகை, ஒரு பக்கம் சாய்ந்தபடி.

அந்த ஆடி மாசம் முழுக்க உண்ணாமலை வாயாடினாள். விடிந்தால் காபி, பொழுதெல்லாம் ஜட்கா. அம்மாவும் அண்ணனும் சண்டை போட்டால் நடுவில் தேளை அடித்து வாயை அடைத்தாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. கேட்க முடிந்தது, மறுக்க முடியவில்லை.

இடது கோடியில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அவள் அதையே போய்ப் போய் அடித்தாள். "இன்னா வேணும் பாப்பா? பூவா? சினிமாவா? வளையலா?" என்று காசி ஊரில் உள்ளதையெல்லாம் கேட்டான். அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். அந்த நேரம் அம்மா கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழோடு வந்தாள். உண்ணாமலை கூழைப் பார்த்தாள், காலிக் கட்டத்தை அடித்தாள். மறுபடி கூழைப் பார்த்தாள், மறுபடி அடித்தாள்.

"வாணான்னு சொல்றியா?" என்றான் காசி.

அவள் போட்ட சத்தத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவன் சரியாகக் கேட்டிருக்கிறான்.

"அந்த வார்த்தையெல்லாம் இந்த வூட்ல வாணாம்!" என்றாள் அம்மா. சொன்னதை அவளே கவனிக்கவில்லை. உண்ணாமலை கவனித்தாள்.

தங்கம்மாளின் பயம் காசிக்குத் தெரியும். அவன் தொழில் கற்ற புதிதில் யாரோ ஒரு பெரிய மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி போர்டு எழுதினான். இதே கொட்டகையில் வைத்துத்தான் எழுதினான். அந்த வாரமே அப்பா ஆதிமூலம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்றிலிருந்து அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டு, கெட்ட சொல் பலித்துவிடும் என்று பயந்தாள். அந்த வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். உப்பு தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. வாங்கணும் என்று சொல்ல வேண்டும். இட்லி காலியான பிறகு வந்து கேட்பவர்களுக்குக்கூட, "நாளைக்கு வாங்க" என்பாளே தவிர, இல்லை என்று அவள் வாயில் வராது. வாயால் சொல்வதே ஆகாது என்றால், பெயின்டில் எழுதி, பெற்ற பெண்ணின் மார்புக்கு நேரே மாட்டிவைக்க விடுவாளா?

"அப்புறம் பாக்கலாம் பாப்பா" என்று காசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டம் மூளியாக இருக்கிறது என்று அம்மா சொன்னதற்காக அங்கே ஒரு தாமரைப் பூ வரைந்தான். அழகான பூ. உண்ணாமலை அதைப் போல எதையும் வெறுத்ததில்லை. எது வேண்டாம் என்றாலும் அவள் அந்தத் தாமரையைத்தான் அடித்தாள். அடித்தபோதெல்லாம் அம்மா ஆசையாக அவள் தலையில் பூ வைத்தாள்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அம்மா அவளை ஜட்காவில் அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனாள். மலை சுற்றுகிற பாதையில் மாமாவின் டீக்கடை. கடையில் கீழ்பென்னாத்தூர்க்காரி ஒருத்தி, ஆராயி என்று பெயர், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மகன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிவிட்டானாம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி அழுதாள். உண்ணாமலைக்கு ஈத்தொல்லை தாங்கவில்லை. நாற்காலித் துணி வேறு நனைந்திருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று கொட்டகைப் படத்தை அடித்தாள். அம்மா கவனிக்காததால் திரும்பத் திரும்ப அடித்தாள்.

ஆராயி அதைப் பார்த்துவிட்டாள். "வூடு! எம்புள்ள வூட்டுக்கு வந்துருவான்னு சொல்றாங்க!" என்று தடாலென்று காலில் விழுந்தாள்.

அந்தப் பையனுக்கும் வேறு வேலை இல்லை. சரியாக அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? மௌனச் சாமிகளுக்குப் பெயர்போன ஊர் இது. பேசாமல் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் ஞானி என்று கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற விசாரணை. ஆராயி தேங்காய் பழத்தோடு செங்கம் ரோட்டுக்கே வந்தாள். கூட நாலு பேரை அழைத்து வந்தாள். இழுத்துக்கொண்ட கை ஒருவர் மண்டையில் பட்டது. அவர் ஆசீர்வாதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் வாயோரம் வழிந்ததை ஒரு அம்மாள் தன் முந்தானையில் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டாள். உண்ணாமலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாமரையை அடி அடி என்று அடித்தாள். பூவாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. எதையும் பெரிசாக்கிப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். அடுத்த நாளே ஓடி வந்தார்.

"அக்கா, கார்த்திகை தீபத்துக்கு லட்சம் ஜனம் வரும். என் கடைக்குப் பக்கத்துல பந்தல் போட்டு பாப்பாவ உக்கார வெச்சிடலாம். காவிப் பொடவ, ருத்ராட்சம். மௌன அம்மா! அதுக்கப்புறம் அங்கயே இருக்கட்டும். ஊரே வந்து பாத்துக்கும்."

தங்கம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "இந்தப் புள்ளைய ஏன் எனக்குக் குடுத்தேன்னு மலையப் பாத்துக் கேட்டுக்கினே இருந்தேன்டா, சின்னசாமி" என்றாள் கடைசியில். "இதுக்குத்தான் போல." அவள் குரலில் இருந்த நிம்மதியை உண்ணாமலை கேட்டாள். மாமாவோடு சண்டை போட்டுவிடலாம். அம்மாவின் நிம்மதியோடு எப்படிச் சண்டை போடுவது?

"ஒண்ணே ஒண்ணு" என்றார் மாமா. "அங்க இந்தப் பலக வாணாம். சாமி காபி கேட்டா ஜனம் சிரிக்கும். மௌனம்னா மௌனமா இருக்கணும்."

பலகை இல்லாமலா? இந்த நாலு மாசமாகத்தான் அவள் ஒரு மனுஷி. அதைப் பிடுங்கிக்கொண்டு, காவியைச் சுற்றி, மறுபடி அந்த இருட்டுக்குள் தள்ளி, அதற்குக் கும்பிடும் போடப்போகிறார்கள். உண்ணாமலை வேர்க்க விறுவிறுக்க முஷ்டியை ஓட்டினாள். டீ கிளாஸ். சுடர். சொம்பு. மாமாவே, உம்ம சாமியை அங்கே கொண்டுபோய் வையும் என்று அதற்கு அர்த்தம். இருக்கிற கட்டங்களில் அதைவிடப் பளிச்சென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"ஐயோ, அவசரமா வருது போல" என்று அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

அந்த வாரம் அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தனை தடவையும் கொல்லைக்குத் தூக்கிப் போனார்கள். மாமா வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். காசியை அவள் கண்ணால் கேட்டாள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. பந்தலுக்குப் போர்டு எழுதும் வேலை அவனுக்குத்தான் வந்திருந்தது: மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, ஸ்ரீ மௌன அம்மா. அவனுக்கும் இது பிடிக்கவில்லை என்று உண்ணாமலைக்குத் தெரியும். பிடிக்காத வேலையைச் செய்யும்போது அவன் சீட்டியடிக்க மாட்டான். ஆனால் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் மாட்டான். சரி, உன்னால் முடியாது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் முடிவு செய்தாள்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. வழி அவள் கண்ணெதிரிலேயே இருந்தது.

காசி எந்தப் பலகையையும் முதலில் சாக்பீஸில் எழுதிப் பார்ப்பான். ஓர் எழுத்து கோணலாகப் போனால் அழிக்க மாட்டான். குறுக்கே ஒரே கோடு இழுப்பான். கோடு விழுந்த எழுத்தின் மேல் பெயின்ட் ஏறாது. அது ஆகாத எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத உண்ணாமலைக்கு, வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், அந்தக் கோடு மட்டும் நன்றாகத் தெரியும்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் விடிகாலை. மாமா ஜட்காவோடு வருவதாகச் சொல்லியிருந்த நாள். அடைமழை; போர்டு காயவே இல்லை. வெளியே வைக்க வழியில்லாமல் காசி அதை அவள் நாற்காலிக்கு அருகில் சாய்த்துவைத்துவிட்டுப் பல் விளக்கப் போனான். திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம் இழுவிக் கிடந்தது. உண்ணாமலையின் முஷ்டி சிவப்பாக இருந்தது.

"அடடா, கை பட்டுடுச்சா?" என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதினான். இம்முறை கொட்டகையின் அந்தக் கோடியில் வைத்தான். அவள் கத்தத் தொடங்கினாள். கத்தி, கத்தி, பிரஷ் படத்தை அடித்து, போர்டைப் பார்த்து, மறுபடி கத்தினாள். ஆசையாகப் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்து அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் போர்டுக்கு எதிரே நிறுத்தினான்.

உண்ணாமலை மூச்சை இழுத்துப் பிடித்தாள். கால் உதறியது. உதறட்டும். தலை பின்னால் வெட்டிக்கொண்டு போனது. போகட்டும். முஷ்டியே, நீ மட்டும் என் பேச்சைக் கேள், இந்த ஒரு தடவை கேள் என்று கெஞ்சினாள். முஷ்டியை முதல் எழுத்தின் மேல் வைத்தாள். வைத்து, இழுத்தாள். கை நடுவில் துள்ளி எகிறியது. திரும்பக் கொண்டுவந்து, விட்ட இடத்திலேயே வைத்தாள். மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்ததில் உதட்டில் ரத்தம் வந்தது. கோடு கடைசி எழுத்தையும் தாண்டி, தகரத்தின் விளிம்பில் போய் நின்றது.

காசி கத்துவதற்குத் திறந்த வாயை மூடவில்லை. கோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சோற்றுக் கட்டத்துக்கும் தண்ணீர்க் கட்டத்துக்கும் நடுவில் வழுக்கிய கை இது. இந்தக் கை இந்தக் கோட்டைத் தற்செயலாகப் போட்டிருக்க முடியாது.

"பாப்பா" என்றான். "நான் போடற கோடு. ஆகாதுன்னு அடிக்கிற கோடு. அத்தத்தான் போட்டியா?"

அவள் ஜட்காவை அடித்தாள். சந்தோஷம். மறுபடி அடித்தாள்.

காசி அதற்குமேல் யோசிக்கவில்லை. சிவப்பு டப்பாவில் பட்டைப் பிரஷ்ஷை முக்கினான். இத்தனை மாசம் பூவை வரைந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு அவனுக்கு அவன்மேலேயே கோபம். தாமரையின் குறுக்கே, மூலைக்கு மூலை, கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கோடு இழுத்தான்.

வாசலில் ஜட்கா மணி கேட்டது.

மாமா மாவிலை கட்டிய வண்டியிலிருந்து இறங்கினார். கையில் காவிப் புடவை. பின்னாலேயே அம்மாவும் அடுப்பை விட்டுவிட்டு வந்தாள். மாமா முதலில் போர்டைத்தான் பார்த்தார். "இன்னாடா மாப்ள, கோடு?"

"நான் போடல மாமா. அவ போட்டது. அவளுக்கு இதெல்லாம் வாணாமாம்."

"அதுக்கு இன்னாடா தெரியும்? கை தானாப் போயிருக்கும்."

"தானாப் போச்சா? நீயே கேளு."

மாமாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார். "பாப்பா, காபி குடிக்கிறியா?"

உண்ணாமலை காபி டபராப் படத்தை அடித்தாள். ஈரப் பெயின்ட் அதிலும் ஒட்டியது.

"மாமா கூட வந்து பந்தல்ல உக்கார்றியா?"

சிவப்புக் கோடு. பளாரென்று.

"காவி கட்டிக்க மாட்டியா? ஜனம்லாம் உன்னக் கும்புடும்மா."

சிவப்புக் கோடு.

"சரி, இந்தப் பலகைய மட்டும் கழட்டிட்டு..."

அவர் முடிக்கவில்லை. அவள் அடித்த அடியில் பலகையின் ஒரு திருகாணி தளர்ந்துபோனது. அதற்குமேலும் அவள் நிறுத்தவில்லை. காவிப் புடவையைப் பார்த்து ஓர் அடி. போர்டைப் பார்த்து ஓர் அடி. கூழ்க் கிண்ணத்தைப் பார்த்தும் ஓர் அடி. பிறந்ததிலிருந்து தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது. காசி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

தங்கம்மாள் சிரிக்கவில்லை. அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குள், தன் பிள்ளையின் மார்புக்கு நேரே, அந்த வார்த்தை. முகம் வெளுத்தது, பிறகு கோபம் வந்தது.

"வாணாமா? எல்லாம் வாணாமா?" என்று நாற்காலியின் முன்னால் வந்து நின்றாள். "கும்புடு வாங்கணும்னா இத்தச் செய்யிறேன்? ஒங்கண்ணன் நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கினு போவான். வர்றவ ஒனக்கு வாய் தொடப்பாளா? கொல்லைக்குத் தூக்கிக்கினு போவாளா? ஊரு ஒன்னச் சாமின்னு சொன்னா, ஊராவது ஒரு வாய் சோறு போடும்னு நெனச்சேன். அதுக்குத்தான்டி. இன்னிக்கோ நாளைக்கோ நான் செத்துப்பூட்டா..."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.

உண்ணாமலையின் முஷ்டி மேலே எழும்பியது. சிவப்புக் கோட்டின் மேல் விழுந்தது. முன்னே அடித்த அடி இல்லை இது. மெதுவாக வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மூக்குத்திப் படத்தின் மேல் வைத்தாள். மறுபடி கோட்டின் மேல். மூக்குத்தி. கோடு. அம்மா. வேண்டாம். அம்மாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கை துள்ளித் துள்ளி விலகியபோதெல்லாம் திரும்பக் கொண்டுவந்து, அதையே சொன்னாள்.

யாரும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. தங்கம்மாள் அப்படியே மண்டியிட்டு, பெயின்ட் அப்பிய அந்த முஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள். எந்த வார்த்தைக்குப் பயந்து வீட்டையே வாயடைத்து வைத்திருந்தாளோ, அந்த வார்த்தை இப்போது அவள் சாவைத்தான் வேண்டாம் என்கிறது. "சரிடி" என்றாள். "சரி. போவல. எங்கியும் போவல."

மாமா காவிப் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதுவும் புரியாதவர் போல நின்றார். தங்கம்மாள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கன்னத்துச் சிவப்பு இன்னும் பரவியது.

"சின்னசாமி, அவ வாணாம்னுட்டா. காதுல வுழுந்துச்சில்ல? வண்டிய அனுப்பிடு."

"அக்கா, பந்தலுக்குச் சொல்லியாச்சே. ஜனம் வந்து கேட்டா இன்னா சொல்றது?"

"மௌன அம்மா இல்லன்னு சொல்லு. பேசற பொண்ணு ஒண்ணு இருக்குது, இட்லிக் கடையாண்ட, வந்தா திட்டு வாங்கிக்கினு போவலாம்னு சொல்லு."

ஜட்காவை அனுப்ப விடவில்லை உண்ணாமலை. வண்டிப் படத்தை விடாமல் அடித்ததில், மழை விட்டதும் மாமாவே அவளை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்வர வேண்டியதாயிற்று. கிளம்புமுன் காசி திருகாணியை முடுக்கினான். சிவப்புக் கட்டத்தை அவள் கை சுலபமாகப் போகிற வலது பக்கத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னான். போர்டைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் வேறு கடைப் பெயருக்குச் சாக்பீஸ் போட்டான். சீட்டியடித்தபடியே போட்டான்.

அவர்கள் வண்டியேறும்போது மழையில் நனைந்திருந்த ஓர் ஆள் வந்து, "இட்லி இருக்காம்மா?" என்று கேட்டார்.

தங்கம்மாள் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தாள். திரும்பி வண்டியைப் பார்த்தாள். உண்ணாமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றாள் தங்கம்மாள். "இன்னிக்கு இட்லி இல்ல."